ஜேம்ஸ் ஆக்ஸ்லர்களுக்கு ஒரு மடல்

ஜேம்ஸ் ஆக்ஸ்லர் என்ற பெயரில் எழுதிய அனைவருக்கும்,

'ஆக்ஸ்லர் அவர்களுக்கு' என்று ஒருமையில்தான் முதலில் எழுதினேன், பிறகு அடித்தேன். அப்படி ஒரு மனிதர் இல்லை என்பது தெரிந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இருந்தும் கை பழைய வழக்கப்படிதான் போகிறது. உங்களில் சிலர் இப்போது இல்லை. இருக்கிறவர்களுக்குத் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே இது உங்கள் கைக்கு வந்து சேர்ந்துவிடுமோ என்ற பயமில்லாமல் எழுதலாம். திறந்த மடல் என்பதே விலாசதாரரைத் தவிர ஊரே படிப்பதுதானே.

நான் திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். கல்யாணப் பத்திரிகை, கூட்டுறவு சங்க ஆண்டறிக்கை, எப்போதாவது ஒரு கவிதைத் தொகுப்பு. சனிக்கிழமை மாலை வாரக் கூலி வாங்கியதும் கால் தானாகப் பைகிராஃப்ட்ஸ் சாலைக்குப் போகும். பெயர்ப்பலகையில் அது பாரதி சாலை. நடைபாதையில் தார்ப்பாய் விரித்துப் பழைய புத்தகங்களைக் குவித்திருப்பார்கள். நான் வாடிக்கையாக வாங்கிய கடைக்காரருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. புத்தகத்தை அவர் தடிமனை வைத்துத்தான் தரம் பிரிப்பார். ஒல்லி 10 ரூபாய், நடுத்தரம் 15, குண்டு 25. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வார். நீங்கள் எழுதியவை எல்லாம் அவர் கணக்கில் 'நடுத்தரம்'.

அச்சகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர் மூர் மார்க்கெட்டைப் பற்றிச் சொல்லிச் சொல்லிப் பெருமூச்சு விடுவார். அங்கே கிடைக்காத புத்தகமே கிடையாது என்பார். அந்த அங்காடி 1985 மே மாதத்தில் எரிந்துபோனது. உலகம் அழிந்த பிறகு நடக்கும் உங்கள் கதைத் தொடரின் முதல் புத்தகம் 1986-ல் வந்தது. அந்த அழிவுக்கு நீங்கள் வைத்த பெயர் 'ஸ்கைடார்க்'. உங்கள் பாஷையில் சொன்னால் நான் அதற்குப் பிந்தைய தலைமுறை. பொற்காலத்தைக் கேள்விப்பட்டதோடு சரி, கிடைத்ததெல்லாம் மிச்சம் மீதிதான்.

முதலில் என் கையில் சிக்கியது 'டெக்ட்ரா செயின்'. 1988-ல் வந்த ஏழாவது புத்தகம். அது ஏழாவது என்பதோ, அதற்கு முன்னால் ஆறு இருக்கின்றன என்பதோ எனக்குத் தெரியாது, ஏனென்றால் அட்டை இல்லை. முதல் நாலு பக்கமும் இல்லை. திடுமென ஒரு கூட்டம் நியூ இங்கிலாந்துக் கடற்கரையில் நிற்கிறது. ஒற்றைக் கண்ணன் ஒருவன், கூந்தல் தானாக அசைகிற சிவப்புத் தலைப் பெண் ஒருத்தி, தொப்பியும் கண்ணாடியுமாக ஒரு துப்பாக்கி நிபுணன், வெள்ளை முடிப் பையன் ஒருவன், விக்டோரியா காலத்து வாத்தியார் போலப் பேசுகிற ஒரு கிழவர். அணுப்போரில் உலகம் அழிந்து நூறு வருடம் ஆகியிருக்கிறது. இவர்கள் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றில் மாட்டிக்கொள்கிறார்கள். பைரா குவாட் என்ற கொடுமைக்காரி கப்பலின் தலைவி. அணுகுண்டுக்குப் பிறகு எதற்கடா திமிங்கிலம் என்று நினைத்துக்கொண்டே விடியும்வரை படித்தேன். கப்பல் நிற்கும் துறைமுக ஊருக்குக் கிளாகர்ட்வில் என்று பெயர். ஹெர்மன் மெல்வில்லின் ஒரு கதையில் வரும் வில்லனின் பெயர்தான் கிளாகர்ட் என்பது பல வருடம் கழித்துத் தெரிந்தபோது, உங்களில் எவரோ ஒருவர் எனக்குத் தெரியாமல் என்னோடு விளையாடியிருக்கிறார் என்று புரிந்தது. 15 ரூபாய் புத்தகத்தில் இதையெல்லாம் யார் கவனிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தும் செய்திருக்கிறார்.

பக்கத்தில் நின்று எட்டிப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தொடரின் பெயர் 'டெத்லேண்ட்ஸ்'. காதல் கதைகளுக்குப் பேர்போன கனடாவின் ஹார்லெக்வின் நிறுவனம், ஆண்களுக்கான அதிரடிக் கதைகளுக்கென்று 'கோல்ட் ஈகிள்' என்று ஒரு கிளை வைத்திருந்தது. அதில்தான் வந்தது. இவர்கள் கணக்கில் உலகம் முடிந்த நாள் 2001 ஜனவரி 20. வாஷிங்டனில் புதிய அதிபர் பதவியேற்கும் நண்பகலில், சோவியத் தூதரகத்துக்குள் ஒளித்துவைத்த குண்டு வெடிக்கிறது. எழுதிய ஆண்டு 1986. சோவியத் யூனியன் என்றொரு நாடு அன்றுவரை அங்கே இருக்கும் என்று நம்பியது மட்டும்தான் கணக்குப் பிழை. நிஜமான 2001 ஜனவரி 20-ம் தேதி சனிக்கிழமை. நான் வழக்கம்போல நடைபாதையில்தான் இருந்தேன். ஜார்ஜ் புஷ் பதவியேற்றார். வேறொன்றும் நடக்கவில்லை. எனக்கு ஒரு சின்ன ஏமாற்றம்கூட இருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

போருக்கு முன்பு அமெரிக்க ராணுவம் மலைகளுக்கு அடியில் 'ரிடவுட்' என்ற ரகசியப் பதுங்கிடங்களைக் கட்டிவைத்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஆறு பக்கச் சுவர் கொண்ட ஓர் அறை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் வேறெங்கோ உள்ள இன்னொரு ரிடவுட்டில் கண் விழிப்பீர்கள். எங்கே என்பது உங்கள் கையில் இல்லை. விழித்ததும் வாந்தி, தலைசுற்றல், கெட்ட கனவு. வெளிக்கதவைத் திறக்க 3, 5, 2 என்று அழுத்த வேண்டும், மூட 2, 5, 3. என் சூட்கேஸ் பூட்டுக்கு இன்றுவரை அந்த எண்தான். இப்போது ஊருக்கே சொல்லிவிட்டேன். பரவாயில்லை, உள்ளே ஒன்றுமில்லை.

புத்தகத்துக்கு ஒரு கதவு. திறந்தால் லூசியானாச் சதுப்பு நிலம், அடுத்ததில் ரஷ்யா, இன்னொன்றில் ஜப்பான். என் வாசிப்பும் அப்படித்தான் இருந்தது. ஏழுக்குப் பிறகு எனக்கு வாய்த்தது இருபத்திரண்டு. பிறகு மூன்று. பிறகு பதின்மூன்று. வெள்ளை முடிப் பையன் ஜாக் லாரன் மனைவியையும் பெண் குழந்தையையும் பறிகொடுப்பதை முதலில் படித்தேன். அவன் அந்தப் பெண்ணைச் சந்தித்துப் பண்ணையில் குடித்தனம் தொடங்கியதைப் பல வருடம் கழித்துப் படித்தேன். அவள் சிரித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறாள், எனக்குப் பக்கத்தைத் திருப்பப் பிடிக்கவில்லை. வரிசையாக வாங்கிப் படித்த அமெரிக்க வாசகனுக்கு அந்தப் பக்கம் சாதாரணமான பக்கம். எழுதியவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அதை அழவைக்கிற பக்கமாக ஆக்கியது நடைபாதைக்காரரின் குவியல்.

அந்த மனிதர்களும் பொறுக்கித்தான் வாழ்கிறார்கள். பழைய உலகத்தின் தகர டப்பா உணவு, தானே சூடாகும் ராணுவப் பொட்டலம், யாரோ விட்டுப்போன பூட்ஸ். தோட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறார்கள், ஏனென்றால் செய்கிற தொழிற்சாலை போய்விட்டது. குவியலுக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தவனுக்கு இது புரிவதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. ஒரு பிரதியின் முன்பக்கத்தில் சிறிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது: அட்டையில்லாமல் இந்தப் புத்தகத்தை வாங்கியிருந்தால் இது திருட்டுச் சொத்தாக இருக்கலாம் என்கிற பொருளில். எனக்கு வியர்த்துவிட்டது. விற்காத பிரதிகளைத் திருப்பி அனுப்பினால் லாரிச் செலவு கட்டாது. அதனால் அமெரிக்கக் கடைகளில் அட்டையை மட்டும் கிழித்துப் பதிப்பாளருக்கு அனுப்பிக் காசைத் திரும்பப் பெறுவார்கள், உடம்பைக் கூழாக்க வேண்டும் என்பது ஒப்பந்தம் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. என் பிரதிகளின் அட்டையை வெயிலும் மழையும் தின்றிருந்தன. அந்தத் தாளில் மரத்தின் லிக்னினை எடுத்திருக்க மாட்டார்கள், வெளிச்சம் பட்டால் மஞ்சளாகிப் பிறகு பழுப்பாகிவிடும். முதுகில் வைத்த சூட்டுப் பசை சென்னை வெயிலில் நான்கே கோடையில் உலர்ந்து வெடிக்கும். படிக்கப் படிக்கப் பக்கம் கையோடு வரும். நான் அச்சகத்துப் பசையால் ஒட்டுவேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்களை நான் கண்டுபிடித்த கதை.

புரூஃப் பார்க்கிறவனுக்குக் கண் ஒரு மாதிரி பழகிவிடும். எங்கள் அச்சகத்துக்கு வருகிற கையெழுத்துப் பிரதியில் பெயர் இல்லாவிட்டாலும், காற்புள்ளி வைக்கிற விதத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். உங்கள் புத்தகங்கள் ஒரு பத்தைத் தாண்டியதும் உறுத்தத் தொடங்கியது. அட்டையில் ஒரே பெயர், உள்ளே ஒரே கை இல்லை. பாத்திரங்கள் மாறாமல் இருக்க உங்கள் பதிப்பாளர் நல்ல ஆணி அடித்து வைத்திருந்தார். ஒற்றைக் கண்ணன் ரையன் கோடர் கோபப்பட்டால் 'ஃபயர்பிளாஸ்ட்' என்பான். சிவப்புத் தலைக் கிரிஸ்டி 'கையா' என்று பூமித்தாயைக் கூப்பிடுவாள். துப்பாக்கிக்காரன் ஜே.பி. 'டார்க் நைட்' என்பான். கிழவர் டாக் டேனர் மூன்று கென்னடிகள் மேல் சத்தியம் செய்வார். இந்த நாலு சொல்லையும் நாலு இடத்தில் தூவிவிட்டால் எவர் எழுதினாலும் டெத்லேண்ட்ஸ்தான். எங்கள் தெருக்கூத்தில் ஒப்பனையும் கிரீடமும் ஏறிவிட்டால் உள்ளே எந்த ஊர்க்காரர் இருந்தாலும் அவர் துரியோதனன்தான், அந்த மாதிரி.

ஆனால் கிரீடத்துக்குக் கீழே குரல் வேறுபடுமே. ஜாக் லாரனை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். அவன் பாதி வார்த்தையை விழுங்கிவிட்டுத் தந்தி மாதிரிப் பேசுகிறவன். டாக்டர் தியோஃபிலஸ் டேனரிடம்தான் சாயம் வெளுக்கும். அவருடைய கதையே ஒரு தனி நாவல். 1896 நவம்பரில் ஒமாஹா நகரத்தில் மனைவி எமிலியோடும் இரண்டு குழந்தைகளோடும் இருந்தவரை, காலத்தைக் கடக்கும் ஓர் அரசாங்க ஆராய்ச்சி 1998-க்குக் கவ்விக்கொண்டு வருகிறது. ஓயாமல் தப்பிக்கப் பார்க்கிறார், தொந்தரவு தாங்காமல் அவரை எதிர்காலத்துக்குத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். விழுந்த இடம் டெத்லேண்ட்ஸ். இரண்டு முறை காலத்தைப் பறிகொடுத்தவர். புத்தி சில நாள் தெளிவாக இருக்கும், சில நாள் கலங்கும். எதிரே நிற்பவளை எமிலி என்று கூப்பிட்டுவிடுவார். பிரம்புக்குள் வாளும், இடுப்பில் உள்நாட்டுப் போர்க் காலத்து லெமாட் கைத்துப்பாக்கியும் வைத்திருப்பார். பேச்சு மட்டும் அரங்கேற்றத் தமிழ் மாதிரி அடுக்கடுக்காக வரும். இந்த ஆளை எழுத உங்களில் சிலருக்குக் கை வந்தது. சிலர் அகராதியைப் புரட்டி மூன்று நீளமான சொல்லை அவர் வாயில் திணித்துவிட்டு அடுத்த சண்டைக்கு ஓடிவிட்டீர்கள். நான் புதுப் புத்தகம் எடுத்தால் முதலில் டாக் பேசுகிற பக்கத்தைத் தேடுவேன். நல்ல கை எழுதினால் அவர் நகைச்சுவை செய்துகொண்டிருக்கும்போதே அந்தக் குழந்தைகளின் பெயர் எங்கோ ஒரு மூலையில் தட்டுப்படும். ரேச்சல், ஜோலியன்.

எனக்கு உங்கள் பெயர் தெரியாது. ஆகையால் குறுந்தொகையைத் தொகுத்தவர் செய்ததையே நானும் செய்தேன். பாடியவர் பெயர் மறைந்துபோனால் பாட்டில் வந்த சொல்லையே பெயராக வைத்துவிட்டார்கள். செம்புலப்பெயல்நீரார், ஓரேருழவனார், குப்பைக்கோழியார், விட்டகுதிரையார். நானும் ஒரு நோட்டில் உங்களுக்குப் பெயர் வைத்தேன். சண்டைக்கு முன்னால் வானத்தை ஒரு பத்தி வர்ணிப்பவர் 'அமிலமழையார்'. கெட்டவர்களை வளர்த்துவிட்டுக் கொல்ல மனம் வராமல் இழுப்பவர் 'வில்லன் நேயர்'. பழைய பாட்டும் பழைய கதையும் புகுத்துகிறவர் 'வாத்தியார்'. துப்பாக்கியின் நீளம், எடை, குழல் விட்டம் எல்லாவற்றையும் பட்டியல் போடுபவர் 'ஆயுதபூஜையார்'. இந்தப் பூஜையார் விஷயத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. ரையனின் ஸ்டெயர் துப்பாக்கியைப் பற்றி எனக்கு என் ரேஷன் அட்டையைவிட அதிகம் தெரியும்.

2003 வாக்கில் எங்கள் தெருவில் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்தார்கள். மணிக்கு 20 ரூபாய். முதல் நாளே உங்கள் பெயரைத்தான் தேடினேன். கிடைத்தது.

முதல் புத்தகம் 'பில்கிரிமேஜ் டு ஹெல்'. அதைத் தொடங்கியவர் கிறிஸ்டோபர் லோடர் என்ற ஆங்கிலேயர். நடுவில் உடம்பு முடியாமல் போக, லாரன்ஸ் ஜேம்ஸ் என்ற இன்னொரு ஆங்கிலேயர் முடித்துக்கொடுத்திருக்கிறார். பிறகு முதல் முப்பத்து மூன்றில் ஏறக்குறைய எல்லாமே லாரன்ஸ் ஜேம்ஸ் ஒருவர் எழுதியது. ஒருவர்! நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். நான் அமிலமழையார், வாத்தியார், வில்லன் நேயர் என்று மூன்று பேராகப் பிரித்து, மூவரில் யார் மேல் என்று மனசுக்குள் பட்டிமன்றம் நடத்தியதெல்லாம் ஒரே மனிதரை. அவருக்கு வானம் பார்க்கத் தோன்றிய மாதமும் இருந்திருக்கும், தவணை நெருங்கி வேகமாக முடித்த மாதமும் இருந்திருக்கும். அவ்வளவுதான். போதாக்குறைக்கு, ஒரே கை என்று நான் சத்தியம் செய்யக்கூடிய இரண்டு பிற்காலப் புத்தகங்கள் இரண்டு வேறு ஆட்களுடையவை. இத்தனை வருட புரூஃப் அனுபவம், 20 ரூபாயில் போனது. ஔவைகள் எத்தனை பேர் என்று எங்கள் தமிழாசிரியர்கள் சண்டை போடுவதைக் கேட்டால் அன்றிலிருந்து வாயைத் திறப்பதில்லை.

லாரன்ஸ் ஜேம்ஸ், உங்களுக்குத் தனியாகச் சில வரிகள். நீங்கள் லண்டனில் பதிப்பக ஆசிரியராக இருந்தவர், மிக் நார்மன் என்ற பெயரில் மோட்டார் சைக்கிள் ரவுடிக் கதைகள் எழுதியவர், இன்னும் பல பெயர்களில் கௌபாய் கதைகள் எழுதித் தள்ளியவர். உங்கள் கூட்டத்துக்கே 'பிக்காடிலி கௌபாய்ஸ்' என்று கேலி கலந்த ஒரு பட்டம் உண்டு. அமெரிக்காவின் மேற்கை இங்கிலாந்தில் உட்கார்ந்து எழுதியவர்கள். டெத்லேண்ட்ஸின் அமெரிக்காவும் அதுதான் என்று தெரிந்ததும் எனக்குப் பல விஷயம் விளங்கியது. அந்த நாடு புத்தகங்களிலிருந்தும் சினிமாவிலிருந்தும் பாட்டிலிருந்தும் பொறுக்கிக் கட்டியது. மெல்வில்லின் கப்பல், குதிரைப்படை, ஆற்றங்கரைப் படகு. சென்னையில் உட்கார்ந்து நான் கட்டிக்கொண்ட அமெரிக்காவுக்கும் நீங்கள் கட்டியதற்கும் தூரம் அதிகமில்லை. அதனால்தான் எனக்கு உடனே பிடித்துப்போயிருக்க வேண்டும். நீங்கள் 2000-ல் காலமானீர்கள் என்று அதே திரையில் படித்தேன். உங்கள் கதையில் உலகம் முடிகிற நாளுக்கு ஓராண்டுகூட இல்லாத நேரத்தில்.

உங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் பட்டியல் நீளம். முப்பத்து நாலாவது புத்தகம் 'ஸ்டோன்ஃபேஸ்' எழுதிய மார்க் எல்லிஸ், 1997-ல் அதே உலகத்தை இன்னும் நூறு வருடம் தள்ளிப்போட்டு 'அவுட்லேண்டர்ஸ்' என்ற கிளைத் தொடரைத் தொடங்கினார். அதுவும் ஆக்ஸ்லர் பெயரில்தான். மெல் ஓடம், ஆலன் பிலிப்சன், ஆண்டி பூட், கனடாவின் எடோ வான் பெல்கம். நகைச்சுவை விஞ்ஞானக் கதைகளுக்குப் பெயர் வாங்கிய நிக் பொலோட்டா. விக்டர் மிலான், 'சைபர்நெடிக் சாமுராய்' நாவலுக்காகப் பிரமீதியஸ் விருது பெற்றவர், ரிச்சர்ட் ஆஸ்டின் என்ற பெயரில் ஏற்கெனவே வேறோர் உலக அழிவுத் தொடரை எழுதிக் கை பழகியவர். பொலோட்டா 2013-ல் போனார், மிலான் 2018-ல். சொந்தப் பெயரில் விருது வாங்கியவர் ஆக்ஸ்லர் என்ற பெயருக்குள் நுழையும்போது என்ன நினைத்துக்கொண்டு நுழைவார் என்று எனக்குக் கேட்க ஆசை. இங்கே எங்கள் மாத நாவல்களில் எழுத்தாளர் பெயர்தான் சரக்கு. ராஜேஷ்குமார் என்று அட்டையில் இருந்தால் தலைப்பைக்கூடப் பார்க்காமல் வாங்குவோம். உங்கள் ஊரில் பெயர்ப்பலகை மட்டும் தொங்கும், கல்லாவில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்.

பிற்காலப் பிரதிகளில் பதிப்புரிமைப் பக்கத்தில் ஒரு வரி வரத் தொடங்கியது. இந்தப் படைப்புக்குப் பங்களித்த இன்னாருக்குச் சிறப்பு நன்றி என்று. எழுதியவருக்கே நன்றி! வீட்டைக் கட்டிய கொத்தனாருக்குப் புதுமனை புகுவிழாப் பத்திரிகையில் 'சிறப்பு அழைப்பாளர்' என்று போட்டது போல இருந்தது. ஆனாலும் அந்த வரியை நான் அச்சுப் பிழை தேடுகிற கண்ணோடு தேடிப் படிப்பேன். முன்பு அதுவும் இல்லை.

பாராட்டிக்கொண்டே போனால் நீங்களே நம்ப மாட்டீர்கள். கசப்பையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை புத்தகங்களில் ஒரு பெண்ணைக் கதைக்குள் கொண்டுவந்த காரியம், அவளைச் சீரழித்து ரையனுக்குக் கோபம் வரவைப்பதற்கு மட்டும்? ஒரு கட்டத்தில் புதுப் பெண் பாத்திரம் வந்தாலே எனக்குப் பக்கத்தைத் தாண்டத் தோன்றும். அணுக்கதிரால் உருமாறிப் பிறந்தவர்களை 'மியூட்டி' என்று அழைத்து, கண்டதும் சுடுகிறீர்கள். விரலில் உறிஞ்சும் திட்டுள்ள 'ஸ்டிக்கி'களை நூற்றுக்கணக்கில் எரித்திருக்கிறீர்கள். பிறப்பை வைத்து மனிதரைத் தள்ளிவைக்கும் ஊரில் பிறந்தவனுக்கு அது வெறும் சாகசமாகப் படவில்லை. கிரிஸ்டியே அப்படிப் பிறந்தவள்தானே, அவள் தலைமுடி சொல்கிறதே! உங்களில் சிலருக்கு இது உறுத்தியிருக்கிறது. பழைய உலகத்தில் உறைபனியில் வைக்கப்பட்டு எழுந்த மில்ட்ரெட் வைத் என்ற கறுப்பின மருத்துவர் அந்தக் கேள்வியைச் சில இடங்களில் கேட்கிறாள். கேட்டு முடிப்பதற்குள் யாராவது சுட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஒன்றை உங்கள் பக்கம் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே காலத்தில் அதே குவியலில் ஜெர்ரி ஆஹெர்னின் 'சர்வைவலிஸ்ட்' கிடைக்கும், வில்லியம் ஜான்ஸ்டோனின் 'ஆஷஸ்' கிடைக்கும். ஜான்ஸ்டோனின் நாயகன் இடிபாட்டில் தன் அரசியலுக்கேற்ற ஒரு நாட்டையே கட்டிக்கொண்டு, மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பான். இரண்டோடு நிறுத்திவிட்டேன். உங்கள் ஆட்கள் எங்கேயும் ஆள வரவில்லை. ஒவ்வோர் ஊரிலும் 'பேரன்' (baron) என்ற ஒரு குறுநில மன்னன் உட்கார்ந்து மக்களைப் பிழிகிறான், இவர்கள் அவனைச் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்காராமல் கிளம்பிவிடுகிறார்கள். ரையனே வர்ஜீனியாவின் ஃப்ரண்ட் ராயல் பேரன் வீட்டுப் பிள்ளை. ஐந்தாவது புத்தகத்தில் கண்ணைப் பறித்த அண்ணனைத் தேடிப் போகிறான், வென்றும் தங்கவில்லை. 2003-ல் தொலைக்காட்சிப் படமாகவும் அதை எடுத்தார்கள், வின்சென்ட் ஸ்பானோ நடித்தார். படத்தைப் பற்றி அவ்வளவு போதும். நிம்மதியாகக் குடியிருக்க ஓர் இடம் தேடுகிறோம் என்று அந்தக் கூட்டம் 125 புத்தகமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. கிடைத்திருந்தால் அடுத்த புத்தகம் கிடையாது, உங்களுக்கு அடுத்த காசோலையும் கிடையாது. அந்த அவஸ்தை உங்களுடையதும்கூட என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அச்சகத்தில் ஒரு வேலை முடிவதற்குள் அடுத்ததன் புரூஃப் மேஜையில் கிடக்கும்.

2014-ல் ஹார்லெக்வினை ஹார்ப்பர்காலின்ஸ் வாங்கியது. 2015-ல் கோல்ட் ஈகிளை மூடிவிட்டார்கள். டெத்லேண்ட்ஸ் அச்சில் 125-ல் நின்றது, அவுட்லேண்டர்ஸ் 75-ல். அதற்குள் நடைபாதையும் மெலிந்துவிட்டது. குவியலில் போட்டித் தேர்வு வழிகாட்டிகளும் பொறியியல் பாடநூல்களும்தான் மேலே இருந்தன. அமெரிக்கப் பல்பொருள் கடைகளுக்குப் புத்தகம் விநியோகிக்கும் ரீடர்லிங்க் நிறுவனம் 2025-ஓடு இந்தச் சட்டைப்பை அளவுப் புத்தகங்களையே நிறுத்திக்கொள்வதாக அறிவித்ததைப் படித்தேன். உங்களை எனக்குக் கொண்டுவந்து சேர்த்த பொருளே இனிப் புதிதாகப் பிறப்பது அரிது. மின்னூலாக எல்லாம் கிடைக்கிறது என்கிறான் என் மகன். வரிசை எண்படி. எனக்கு ஆர்வம் வரவில்லை.

என்னிடம் இருந்தது 58. 125-ஆவது இல்லை. நடைபாதைக்கு அது வரவேயில்லை.

போன வருடம் வீட்டை மாற்றினோம். சின்ன வீடு. புத்தகத்தில் பாதியைக் குறைக்கச் சொன்னார்கள். உங்கள் 58-ஐயும் தரையில் பரப்பி, ஒரு வாரம் உட்கார்ந்து, ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் ஜேம்ஸ் ஆக்ஸ்லர் என்ற பெயருக்குக் கீழே பென்சிலால் எழுதினேன். லாரன்ஸ் ஜேம்ஸ். லாரன்ஸ் ஜேம்ஸ். லாரன்ஸ் ஜேம்ஸ். மார்க் எல்லிஸ். ஆலன் பிலிப்சன். இந்த முறை ஊகிக்கவில்லை, பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபார்த்துத்தான் எழுதினேன். புரூஃப் திருத்தத்தில் விடுபட்ட சொல்லைச் செருகுவதற்கு ஒரு குறி உண்டு, தலைகீழ் வி மாதிரி. அதையும் போட்டேன். முதல் பக்கமே இல்லாத 'டெக்ட்ரா செயின்' பிரதியில் மட்டும் எங்கே எழுதுவது என்று தெரியாமல், திமிங்கிலம் முதல்முதலாக எழும்பும் பக்கத்தின் ஓரத்தில் எழுதினேன். அதை நான் கொடுக்கவில்லை.

மற்ற 57-ஐயும் சணல் கட்டி ஆட்டோவில் பைகிராஃப்ட்ஸ் சாலைக்கு எடுத்துப்போனேன். பழைய கடைக்காரர் இல்லை, அவருடைய மகன் இருந்தார். கட்டை அவிழ்த்து, தடிமன் பார்த்து, முதல் பக்கத்தைப் புரட்டினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உள்ள கிறுக்கி வெச்சிருக்கீங்களே சார். பாதி விலை வராது. ஒண்ணுக்கு 5 ரூபா போட்டுக்கறேன்."

சரி என்றேன்.

இப்படிக்கு,
உங்கள் காற்புள்ளிகளை எண்ணியவன்,
திருவல்லிக்கேணி